போர்க்கதையும் கேட்போர் பசியும்

திங்கட்கிழமை காலையில் முதற்பாடத்திற்கு யான் வகுப்பறையுட் புகும்போது மாணாக்கர் எழுந்து வணக்கம் கூறுவது வழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒருநாள் அவ்வழக்கம் தவறிற்று. பின்வரிசையில் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து நின்று உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவன் கையை ஓங்கிக் காட்டினான். இன்னொருவன், "அவர் தோற்கவே மாட்டார்" என்று சத்தியஞ் செய்தான். ஊரிலே ஏதோ கைகலப்பு நிகழ்ந்துவிட்டது என்று யான் அஞ்சினேன்.

"ஆருக்கும் ஆருக்கும் சண்டை?" என்று வினவினேன்.

"ஊரில இல்லை சேர், கடலில" என்றான் ஒருவன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அவர்கள் வாதாடியது யப்பானியச் சித்திரக்கதை ஒன்றைப் பற்றி என்பது பின்னரே விளங்கிற்று. 'வன் பீஸ்' என்பது அதன் பெயர். எயிச்சிரோ ஓடா என்னும் ஓவியர், சிறுவர் வார இதழொன்றில் 1997ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இதனைத் தொடங்கினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகியும் கதை முடிந்தபாடில்லை. கடற்கொள்ளையருக்கெல்லாம் அரசனாக வேண்டுமென்று விரும்பும் லூஃபி என்னும் இளைஞன், தோழர் சிலருடன் மறைந்த புதையலொன்றைத் தேடிக் கடலோடுவதே கதையின் பொருள். தொகுத்து வெளியிடப்பெற்ற நூல்கள் நூற்றைக் கடந்துவிட்டன. 2022ஆம் ஆண்டளவில் உலகெங்கும் அச்சாகிய படிகள் ஐம்பது கோடியை எட்டின. 2019 முதல் பதிப்பகத்தாரே புதிய அத்தியாயத்தின் ஆங்கில வடிவத்தைக் கைத்தொலைபேசிச் செயலி வழியாக இலவசமாக வெளியிட்டு வருகின்றனர். யப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு, எமக்கு ஞாயிறு இரவு எட்டரை மணி. ஆதலால் ஞாயிறு இரவிலே கொக்குவிலில் ஒரு பையன் சோற்றுக் கோப்பையை ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டுத் தோக்கியோவின் சிறுவனோடு ஒரே கணத்தில் அதே பக்கத்தைப் பார்க்கின்றான். திங்கட்கிழமை காலையில் அவன் கண் சிவந்திருப்பதற்கும், எனது இலக்கணப் பாடம் அவன் செவியில் ஏறாமைக்கும் காரணம் இதுவே.

அவ்வாரத்து அத்தியாயம் போர் அத்தியாயமாம். ஐவரில் நால்வர் பேசியது வலிமையைப் பற்றியே. எவன் எவனிலும் வலியன், எவனது அடிக்கு எவன் ஈடுகொடுப்பான், முன்னர் ஒரு போரில் தோற்றவன் இப்போது எத்துணை வளர்ந்துள்ளான் என்று வட்டிக் கணக்குப் பார்ப்பார்போல் கணக்கிட்டனர். ஐந்தாமவன் மட்டும் வாளாவிருந்தான். "உமக்கு ஒன்றும் சொல்ல இல்லையோ, தம்பி?" என்றேன். அவன் சற்றுத் தயங்கி, "இதெல்லாம் முடிஞ்ச பிறகு அந்தத் தீவுச் சனம் எங்க போகும், சேர்?" என்றான்.

அக்கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆசிரியர் ஓய்வறையில் இச்செய்தியைக் கூறியபோது நண்பர் சிலர் முகஞ் சுளித்தனர். படம் பார்த்துக் கதை அறியும் பழக்கம் எழுத்தறிவைக் கெடுக்கும் என்றார் ஒருவர். கொள்ளையரைத் தலைவராக்கிய கதை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் கூறியதே என்னைத் தைத்தது. "இவ்வளவு பட்டபின்னரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சண்டை கேட்கிறதா?" என்றார் அவர்.

மூவர்க்கும் விடை கூறுமுன் என்னைப் பற்றி ஒரு சொற் கூறவேண்டும். இப்பையன்களின் வயதில் யானும் கடற்கொள்ளையர் கதை படித்தவனே. சாண்டில்யன் 1960களில் 'குமுதம்' இதழில் தொடராக எழுதிய 'கடல் புறா' அது. என் பெரியப்பா வாரந்தோறும் அத்தாள்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியாலே தைத்து, கடதாசி மட்டை இட்டு வைத்திருந்தார். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் அத்தகைய கட்டுக்கள் வீட்டுக்கு வீடு கைமாறின. எங்கள் கட்டில் ஒரு குறை இருந்தது. கடற்போர் ஒன்றின் நடுவே இரண்டு வாரத்துத் தாள்கள் இல்லை. தலைவனது மரக்கலம் பகைவர் நாவாய்களை நெருங்கிவிட்டது. அடுத்த தாளிலே போர் முடிந்து பலநாள் ஆகிவிட்டது. அவ்விரு வாரங்களில் நிகழ்ந்ததை யான் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விதமாகக் கற்பித்துக்கொண்டு உறங்கினேன். இன்று பின்வரிசையில் கையை ஓங்கிக் காட்டிய பையனும் அதனையே செய்கின்றான். அவனை யான் எங்ஙனம் கடிவது?

அக்கதைத் தலைவன் வேறு யாருமல்லன். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானே. கதையிலே அவன் சீனக் கடற்கொள்ளைத் தலைவனாகிய அகூதாவிடம் கடற்போர் பயில்கின்றான். வரலாற்றிலே அவன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலிங்கத்தின்மேற் படை நடத்தினான். எமது குடாநாட்டிலும் அவன் பெயர் வழங்குகின்றது. தொண்டைமானாறு என்னும் ஊர்ப்பெயரையும் உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவனோடு இணைத்துக் கூறுவது எம்மவர் கர்ணபரம்பரை. அவனது போரைப் பாடியதே செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. பையனொருவன் தொடர்கதையிலே தொடங்கிப் பரணியில் வந்து சேரலாம் என்பதற்கு யானே சான்று. என்னைப் பண்டித வகுப்புக்கு இழுத்துச் சென்றது அத்தாள் இல்லாத கட்டுத்தான்.

பரணி என்பது யாது? போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேற் பாடப்படுவது என்று பாட்டியல் நூல்கள் கூறும். ஆயின் கலிங்கத்துப்பரணியைக் கையிலெடுத்துப் போரைத் தேடுவோன் பெரிதும் ஏமாறுவான். பதின்மூன்று உறுப்புக்களில் 'போர் பாடியது' பன்னிரண்டாவது. அதற்கு முன்னே கடைதிறப்பு, காடு, காளி கோயில், காளி, பேய்கள், இந்திரசாலம், அரச பரம்பரை, அவதாரம் என்று புலவர் எம்மை நிறுத்தி நிறுத்தி அழைத்துச் செல்கின்றார். வாரந்தோறும் 'தொடரும்' என்று எழுதிய பத்திரிகையாசிரியர் எவரும் செயங்கொண்டாரிலும் பொறுமையாகக் கேட்போரைக் காக்கவைத்தவர் அல்லர்.

காத்திருப்போர் யாவர் என்பதைக் கவனித்தல் வேண்டும். பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. கலிங்கத்திலிருந்து ஒரு பேய் ஓடிவந்து, அங்கே போர் மூண்ட கதையைச் சொல்கின்றது. கேட்கும் பேய்களுக்குக் களிப்புத் தாங்கவில்லை. அவற்றிற்குப் போர் என்பது உணவு. எவன் நல்லன், எவன் தீயன் என்பது அவற்றின் கவலையன்று; பிணம் எத்தனை என்பதே கவலை. புதிய அத்தியாயத்துக்காகக் கண்விழித்திருந்து, எவன் எவனை வீழ்த்துவான் என்று கணக்கிடும் நால்வரையும் கண்டபோது என் நினைவுக்கு வந்தவை அக்கூளிகளே. இதனை வசையாகக் கூறுகின்றேனல்லேன். தாளில்லாத கட்டை வைத்துக்கொண்டு உறங்காதிருந்த யானும் அக்கூட்டத்தில் ஒரு கூளிதான்.

ஆயின் பரணியில் வேறொரு குரலும் உண்டு. போர் முடிந்தபின் களத்தைப் பாடுமிடத்தே, கூழடுதற்குப் பேய்கள் அடுப்பு மூட்டும் அக்களத்திலேயே, புலவர் ஒரு பெண்ணைக் காட்டுகின்றார். வீழ்ந்த தன் கணவனது உடலை நிலமகள் தழுவிவிடாதபடி அவள் தன் கையிலே தாங்குகின்றாள். அரசனது வெற்றியைப் பாடப் புகுந்த நூலிலே அவளுக்கும் ஓரிடம் உண்டு. இன்னும் ஒன்று. பரணி நூலுக்குப் பெயர் தோற்றவர்பால் வைப்பது மரபு. வென்றவன் சோழன், நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. எவர் அழிந்தாரோ அவர் பெயரே நூலின் முகப்பில் நிற்கின்றது. வெற்றியைப் பாடும் நூலைக் கையில் எடுப்போனும் தோற்றவன் நாட்டின் பெயரைச் சொல்லியே அதனைத் திறக்கவேண்டியவனாகின்றான்.

போர்க்கதை கேட்பதிலே இருவகைப் பசி உண்டு என்பதே யான் கூறவந்தது. ஒன்று கூளியின் பசி. மற்றொன்று களத்தில் நின்ற அப்பெண்ணினது துயரை அறிய விரும்பும் மனிதப் பசி. நல்ல போர்க்கதை முன்னதைக் காட்டி அழைத்துப் பின்னதிலே கொண்டுபோய் விடும். தீய போர்க்கதை முன்னதை மட்டும் தின்னக்கொடுத்து அனுப்பிவிடும். 'வன் பீஸ்' எவ்வகையைச் சார்ந்தது?

அதனை அறிய, ஐந்தாம் மாணாக்கனிடமே கேட்டேன். புதிய அத்தியாயத்தை மட்டும் படித்தால் விளங்காது என்று கூறி, இலண்டனிலுள்ள மாமி அனுப்பிய தொகுதிகளிலிருந்து நான்கைக் கொணர்ந்து தந்தான். அவற்றின் இறுதியானது 59ஆம் தொகுதி. 2010ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்தது. அவன் பிறந்ததும் அவ்வாண்டிலேயே.

நான்கு இரவுகள் படித்தேன். லூஃபியின் உடன்பிறவா அண்ணனாகிய ஏஸ் என்பவனைக் கடற்படையினர் சிறைப்பிடித்துக் கொலைமேடையில் ஏற்றுகின்றனர். அவனை மீட்க, 'வெண்தாடி' என்னும் முதிய கொள்ளைத் தலைவன் பெரும்படையுடன் வருகின்றான். தன் கீழுள்ளோரையெல்லாம் மக்கள் என்று அழைப்பவன் அவன். லூஃபியும் வந்து அண்ணனை விடுவிக்கின்றான். மீண்டு செல்லும் வழியிலே தளபதி ஒருவன் தம்பியின்மேல் ஓங்கிய அடியை ஏஸ் இடைப்புகுந்து தன்மேல் ஏற்றுத் தம்பியின் கைகளிலே உயிர் விடுகின்றான். பின்னர் முதியவனும் வீழ்கின்றான். அன்று, வீழவில்லை, நின்றபடியே இறக்கின்றான். அவனுடலில் நூற்றுக்கணக்கான புண்கள். முதுகில் ஒன்றேனும் இல்லை.

இவ்விடத்தில் யான் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து முற்றத்தில் உலாவினேன். வெண்ணிப் போரிலே முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூற்றிலே நாற்பது ஆண்டுகளாகப் படித்து வருகின்றேன். விழுப்புண், புறப்புண் என்னும் வேறுபாட்டை வகுப்பிலே கூறும்போது மாணாக்கர் கொட்டாவி விடுவர். அதே வேறுபாட்டைத் தமிழறியாத ஓர் ஓவியர் ஒரே பக்கத்தில் வரைந்து காட்டியபோது அவர்கள் அழுதிருக்கின்றனர். குறை மாணாக்கரிடத்தில் இல்லை என்பது அன்று விளங்கிற்று.

ஆயினும் என்னை நிறுத்தியது அப்பக்கமும் அன்று. தலைவர்கள் வீழ்ந்தபின்னரும் கடற்படை போரை நிறுத்தவில்லை. தோற்றோடுவோரைத் துரத்துகின்றது. அப்போது கோபி என்னும் இளம் படைவீரன் ஒருவன், வென்ற பக்கத்தைச் சார்ந்தவன், தளபதியின் முன்னே இரு கைகளையும் விரித்து நின்று, போதும் நிறுத்துங்கள் என்று கதறுகின்றான். வீழ்ந்து கிடக்கும் ஒவ்வொருவனுக்கும் வீட்டிலே காத்திருப்போர் உண்டே என்பது அவன் அழுகையின் பொருள். தளபதி அவனைக் கொல்லக் கையோங்குகின்றான். வேறொரு கொள்ளைத் தலைவன் வந்து அவ்வடியைத் தடுத்துப் போரையும் நிறுத்துகின்றான். இறந்த இருவரது உடல்களையும் தன்னிடம் ஒப்படைக்கவேண்டும், அவற்றை அடக்கஞ் செய்ய விடவேண்டும் என்று கேட்கின்றான். வென்றோர் இசைகின்றனர். அதற்குமேல் அவமதிப்பு வேண்டாம் என்பது அவ்விசைவின் கருத்து. இறந்தோரை அடக்கவும் நினைக்கவும் ஓரிடம் கேட்பது எத்துணைப் பெரிய வேண்டுகோள் என்பதை இம்மண்ணில் வாழ்வோர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இப்போது மூன்றாம் நண்பரின் கேள்விக்கு வருகின்றேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது யானும் கொக்குவிலிலிருந்து நடந்தேன். மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் ஓரடி வைப்பதற்கு ஒரு நாழிகை பிடித்தது. அம்மாவின் கையை ஒரு கையிலும் அரிசிப்பையை மறு கையிலும் பற்றியிருந்தேன். பெரியப்பாவின் கட்டு வீட்டிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கட்டும் இல்லை. அதன் பின்னர் நெடுங்காலம் யான் பண்டித வகுப்பிலே கலிங்கத்துப்பரணியைக் கற்பிக்கும்போது போர் பாடியதையும் களம் பாடியதையும் விட்டுவிடுவேன். மாணவர் கேட்டால், நேரமில்லை என்பேன். நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

அது பிழை என்று இன்று கருதுகின்றேன். யான் விட்ட பகுதியிலேதான் கணவன் உடலைத் தாங்கிய பெண் நின்றாள். போர்ப் பகுதியைக் கடந்து செல்லாதவனுக்கு அவளிடம் போகும் வழி இல்லை. யான் மூடிவைத்த வாயிலை யப்பானிய ஓவியர் ஒருவர் என் மாணாக்கனுக்குத் திறந்துவிட்டார். போர் முடிந்து ஓராண்டின் பின் பிறந்த பையன், தன் தாய் தந்தையர் தன்னிடம் சொல்லத் தயங்கும் ஒன்றைப் படக்கதையின் வழியே தானாகக் கேட்டான்: அந்தச் சனம் எங்கே போகும்? நண்பரே, எங்கள் பிள்ளைகளுக்குச் சண்டை கேட்கவில்லை. சண்டைக்குப் பின் என்ன ஆயிற்று என்பதே கேட்கின்றது. நாம் சொல்லாதிருக்கின்றோம், அவர்கள் வேறிடத்திலே தேடுகின்றனர்.

இக்கதையிற் குற்றமில்லை என்று யான் வாதிடவில்லை. போர்கள் அளவிறந்து நீள்கின்றன. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே வாரங்கள் கழிகின்றன. இறந்தனன் என்று நாம் எண்ணியவன் பின்னர் எழுந்து வருதலும் உண்டு. அஃது இறப்பின் பாரத்தைக் குறைக்கின்றது. வலிமைக் கணக்குப் பார்க்கும் நால்வரையும் வளர்த்துவிட்ட பொறுப்பும் கதைக்கு உண்டு. ஆயின் நூலிலும் கேட்போரிலும் இவ்விரு பசியும் கலந்தே இருக்கும். எமது ஊர்க் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறுங் காலத்திற் சூரபன்மன் வதைப் படலத்தன்று மண்டபம் நிறைந்துவிடும். சூரன்போரன்று தலைகள் மாறுவதைக் காணச் சிறுவர் தகப்பன் தோளில் ஏறியிருப்பர். அவர்கள் வந்தது சண்டை பார்க்க. வீட்டுக்குத் திரும்பும்போது பகைவன் மயிலும் சேவலுமாகி முருகனோடு நிற்கும் காட்சியைக் கொண்டு செல்கின்றனர். ஒன்றைக் காட்டி ஒன்றைக் கொடுத்தார் எமது முன்னோர். படம் எழுத்தைக் கெடுக்கும் என்ற நண்பர் இதனைச் சிந்திக்க. கொள்ளையர் தலைவராதல் தகாது என்ற நண்பர், அகூதாவிடம் பயின்ற கருணாகரனை நினைக்க.

ஆசிரிய அன்பர்களை யான் வேண்டுவது இதுவே. திங்கட்கிழமை காலையில் மாணாக்கர் போர் அத்தியாயத்தைப் பற்றி வாதாடினால் அதனை அடக்கற்க. எவன் வென்றான் என்று அவர்கள் சொல்லி முடிக்கட்டும். பின்னர், எவன் வீழ்ந்தான், அவனுக்காக யார் அழுதார், அவனை எங்கே அடக்கினர் என்று வினவுக. விடை சொல்லத் தெரிந்த மாணாக்கன் புறநானூற்றுக்கும் பரணிக்கும் ஆயத்தமாகிவிட்டான். விடை சொல்லத் தெரியாதவனுக்கு அடுத்த வாரம்வரை தவணை கொடுங்கள்.

யானும் என் பங்குக்கு, விட்ட பகுதியைக் கற்பிக்கத் தொடங்கியுள்ளேன். சென்ற திங்களன்று வகுப்பிற் புகுந்தேன். மாணாக்கர் எழுந்து முறைப்படி வணக்கம் கூறினர். வாதம் ஒன்றையும் காணேன். "என்ன, சண்டை முடிஞ்சுதோ?" என்றேன்.

"இந்தக் கிழமை ஓடாவுக்கு லீவு, சேர். புது அத்தியாயம் இல்லை. நீங்கள் பரணியைச் சொல்லுங்கோ" என்றான் வலிமைக் கணக்குப் பார்த்தவர்களில் ஒருவன்.

"காளிக்குக் கூளி கூறியது இன்னும் முடியவில்லை, அது முடிந்தே போருக்கு வரலாம்" என்றேன். ஐவரும் முனகினர். கூளிகள் முறையிட்டதும் ஏறக்குறைய அவ்வாறுதான் இருந்திருக்கும். புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.